காலி பலூன்

போன வாரம் ஏழுமலை என் வீட்டுக்கு வந்தான். கையில் நான் படம் போட்ட காமிக்ஸ். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

ஏழுமலை திருப்புலிவனத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். அவனும் நானும் ஐந்தாவது வரை ஒரே பெஞ்ச். இரண்டு பேர் படிப்பும் அதோடு சரி. அவன் கழனி வேலைக்குப் போனான். நான் லாரிக்குப் பின்னால் மயில் வரையப் போனேன். லாரியிலிருந்து கடை போர்டு, போர்டிலிருந்து காமிக்ஸ். ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். படம் போடுகிறவன் பேச வேண்டியதில்லை... இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அதுவே இப்போது கழுத்தைப் பிடித்துவிட்டது. எப்படி என்கிறீர்களா?

சென்னை ஆபீஸிலிருந்து கதைச் சுருக்கம் வரும். நான் கட்டம் பிரித்து, பென்சிலில் போட்டு, மை ஏற்றுவேன். பேசுகிறவர்கள் தலைக்கு மேல் பலூன் வரைந்து காலியாக விட்டுவிடுவேன். உத்திரமேரூர் பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் பண்ணி அனுப்பினால், வசனத்தை ஆபீஸில் நிரப்பிக்கொள்வார்கள்.

இந்தக் கதையில் இரண்டே ஆட்கள். மஃப்டியில் ஒரு போலீஸ்காரன், கோட் போட்ட ஒரு நகைத் திருடன். ஹீரோ போலீஸ்காரன்தான். அவன் முகத்துக்கு ஏழுமலையை உட்கார வைத்தேன். அகலமான மூக்கு, வெயிலில் காய்ந்த கன்னம் — நிப்பு பிடித்துக் கோடு கோடாக இழைக்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆடாமல் உட்கார்ந்தான். பிறகு காலனி முழுக்கச் சொல்லிவைத்தான், நான்தான் ஹீரோ என்று. அவன் பெண் ஸ்கூலில் சொல்லிவைத்தாள்.

புத்தகம் வந்தது. ஏழுமலை திருடன்.

படத்தில் ஒரு கோடு மாறவில்லை. பலூனில்தான் மாற்றியிருந்தார்கள். கோட்டுக்காரன் தன்னைப் போலீஸ் என்கிறான். ஏழுமலை, நகையைக் கொடுடா என்கிறான். துரத்துகிறவன் திருடனாம், பையோடு ஓடுகிறவன் போலீஸாம்! விலங்கு மாட்டும் கடைசிக் கட்டத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள். ஒருவன் என்ன செய்கிறான் என்று யார் பார்க்கிறார்கள்? அவன் தலைக்கு மேல் என்ன எழுதியிருக்கிறதோ, அதைத்தானே படிக்கிறோம்.

ஆபீஸுக்குப் போன் போட்டேன். எடிட்டர் நல்ல மனிதர், குரலையே உயர்த்த மாட்டார். அந்த மூஞ்சி ரவுடி மாதிரி இருக்கிறது, ஹீரோ என்றால் வாசகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தேன்... சரிங்க சார் என்றுதான் வந்தது.

கேட்டுக்கு வெளியில் நின்ற ஏழுமலையிடம் இதையெல்லாம் சொன்னேன். ஸ்கூலில் அவன் பெண்ணைத் திருடன் பொண்ணு என்று கூப்பிடுகிறார்களாம். இரண்டு நாளாகப் போக மாட்டேன் என்கிறாளாம். அதைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்து, தன் தலைக்கு மேலிருந்த பலூனில் விரலை வைத்தான்.

"படம் நீ போட்ட, செரி. எய்தினவங்களுக்கு என் பேரு தெரியுமா?"

"தெரியாதுபா."

"நான் இன்னா வேலை செய்றேன்னு?"

"அதுவும் தெரியாது."

"ஒண்ணியும் தெரியாது. மூஞ்சியப் பாத்தே திருடன்னு எப்டிபா கண்டுபுட்ச்சாங்க?"

பெண்ணிடம் நானே வந்து பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். அடுத்த புத்தகத்தில் உன்னை ஹீரோவாகவே கொண்டுவருகிறேன், இன்னொரு தடவை உட்கார் என்றேன்.

"நீ வேற மூஞ்சி பாத்துக்க நைனா" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைக் கேட் மேல் வைத்துவிட்டுப் போனான். அவன் என்னை நைனா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பேர் தெரியாத ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

நேற்று அடுத்த கதை வந்துவிட்டது. ஹீரோ நல்ல சிவப்பாக இருக்க வேண்டும் என்று குறிப்பு. அச்சாவதோ கறுப்பு வெள்ளையில்.

எனக்கு வேலை மிச்சம் — ஹீரோ முகத்தில் மையே படாமல் விட்டால் போதும்.