பித்தக் கல்லும் ஆவாரம்பட்டைத் தண்ணீரும்

என் அண்ணனுக்குப் பித்தக் குழாயில் கல் அடைத்தபோது, கண் மஞ்சளானதைப் பார்த்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டே நாளைக் கடத்திவிட்டோம். குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்த பிறகுதான் ஆம்பூரிலிருந்து ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, ஜட்கா பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வயிற்றைத் திறந்து கல்லை எடுத்தார்கள். பித்தம் வடிய ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டு, அதன் நுனியைக் கட்டிலடியில் ஒரு புட்டியில் இறக்கியிருந்தார்கள். டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மூத்திரத்தில் சர்க்கரை இருக்கிறது, அடைப்பும் காய்ச்சலும் முற்றிய பிறகு வந்திருக்கிறோம், போதாததற்கு இந்தக் குழாய் வேறு. இத்தனை வழியிலும் சீழ் வைக்கலாம். வைத்தால் அடக்க அந்தக் காலத்தில் மருந்து இல்லை; பெனிசிலின் எல்லாம் வந்திருக்கவில்லை. சுத்தம் ஒன்றைத்தான் நம்ப வேண்டும்.

இது தெரியாமல் மறுநாள் வந்து நின்றார் அண்ணனின் தோஸ்த். தோல் ஷெட்டில் அவரோடு ஒரே குழியில் வேலை செய்யும் பாய். கையில் ஒரு சொம்பு. அதில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தண்ணீர். அதைப் புண்ணில் ஊற்ற, நேரே போய் அண்ணனின் வயிற்றுக் கட்டை அவிழ்க்கப் போனவரின் மணிக்கட்டை நர்சம்மா பிடித்துவிட்டார்.

"காலங்காலமா தோலு அழுகிப்போவாம வெக்கிற தண்ணிம்மா இது. மனுசனுக்கு ஆவாதா?"

"நீங்க பதம் பண்றது செத்த தோலு, பாய். இது உயிரோட ஆறணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் சிரிக்கவில்லை. சீழைப் பற்றி டாக்டரம்மா சொன்னதை என்னிடம் முழுக்கக் கேட்டுக்கொண்டார். சொம்பை வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு, வார்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஷெட்டுக்கு லீவு வெள்ளிக்கிழமை. அன்று பாதி ஷெட் கிளம்பி வந்தது. சீக்காளியைப் பார்க்கப் போனால் நெற்றியைத் தடவி, கையைப் பிடித்துக்கொண்டு பேசினால்தான் எங்கள் பக்கத்தில் பார்த்ததாகக் கணக்கு. பாய் ஒருவரையும் விடவில்லை.

"இன்னா பாய், ஆஸ்பத்திரிய வாங்கிட்டியா?" என்றான் ஒருவன்.

"நானே உள்ள போவல. நீ யாரு?" என்றார்.

கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அதற்கெல்லாம் அவர் அசையவில்லை. குழாயை எடுக்கும்வரை லீவு விட்ட நாளெல்லாம் அந்தப் படியில்தான் இருந்தார். எனக்கெல்லாம் அந்த மனசு வராது.

காய்ச்சல் திரும்பவில்லை. குழாயை எடுத்தார்கள், புண்ணும் மூடிக்கொண்டது. வீட்டுக்குப் போகலாம் என்றதும் அண்ணன் வாசலைப் பார்த்து, "உள்ள வாடா" என்றார்.

பாய் நர்சம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்தம்மா தலையசைத்த பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.