எதிர்மலைக்குக் கேட்ட சத்தம்

வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே உள்ள ரோட்டு வளைவில் வந்து நிற்கும் காரைச் சித்தப்பாவின் கார் என்றுதான் தோட்டத்தில் சொல்வார்கள். உண்மையில் அது லுணுகலை டவுனில் கடை வைத்திருந்த ஒரு முதலாளியுடையது. அப்பாவின் தம்பியான சித்தப்பா அதை ஹயருக்கு ஓட்டினார். ஆனால் அதற்குள்ளிருந்து வந்த சத்தம் மட்டும் முழுக்க அவருடையது.

ஜப்பானிலிருந்து வரும்போதே அந்தக் காரில் ரேடியோவும் கேசட்டும் இருந்தன. பின் சீட்டுக்குப் பின்னால் சாஸர் அளவில் இரண்டு ஸ்பீக்கர்கள். பாடுகிறவர் குரல் நன்றாகக் கேட்கும். மேளம் மட்டும் யாரோ தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். சித்தப்பாவுக்கு அது பெரிய குறை. பதுளையில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் நானா ஒருவர், "செட்டை மாத்த வேணாம் தம்பி, அதோட ஒரு அம்பிளிபயரும் பெரிய ஸ்பீக்கரும் சேர்த்தாப் போதும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சித்தப்பா வெற்றிலையை விட்டார், படம் பார்ப்பதை விட்டார். மாதக்கணக்கில் சேர்த்து இரண்டையும் வாங்கியே விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவைப் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நெஞ்சில் வியாதி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியே வேண்டாம் என்கிற அளவுக்கு அப்பா தேறிவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுக் காம்பிராக்காரியிடம், "நாளைக்கு அவருக்கு ஒண்ணு நடந்துச்சுன்னா எனக்குப் பொறந்த வீட்டுக் கோடிச்சேல கொண்டார ஆளில்லக்கா" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆள் இல்லாமல் இல்லை. அம்மாவின் அண்ணன், என் மாமா, பள்ளத்துக்கு அந்தப்பக்கம் எதிர்மலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். எங்கள் வாசலில் நின்றால் அவர் லயத்துக் கூரை தெரியும். ஆனால் பேச்சு இல்லை. மாமா இந்தியாவுக்கே போய்விட எழுதிக்கொடுத்தபோது எங்களையும் கூப்பிட்டார். அப்பா வரமாட்டேன் என்றார். தங்கையை விட்டுவிட்டுப் போக வைக்கிறான் என்று மாமாவுக்குக் கோபம். பிறகு கப்பலும் நின்றுபோனது, மாமாவும் போகவில்லை. யாரும் தாண்டாத ஒரு கடலுக்காக இரண்டு மலைகளும் முகம் பார்க்காமல் இருந்தன.

சித்தப்பா வேலையை எங்கள் வாசலுக்கு மேலேதான் வைத்துக்கொண்டார். அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பலகையை அறுத்து, ஒட்டி, உள்ளே இலவம் பஞ்சு அடைத்து, டிக்கிக்குள் சரியாக உட்காரும்படி ஒரு பெட்டி செய்தார். ஸ்பீக்கர் அதன் நடுவில் ஒரு சுளகு போல இருந்தது. அம்பிளிபயர் சீட்டுக்கு அடியில். பெட்டரியிலிருந்து தனியாக ஒரு தடித்த வயர் இழுத்து, நடுவில் பியூஸ் போட்டார். பாட்டை, காரோடு வந்த செட்டின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே எடுத்துக்கொண்டார். முதல் தடவை எஞ்சினை முடுக்கியதும் பாட்டோடு சேர்ந்து கொசு பாடுவது போல ஒரு சத்தம் வந்தது.

"என்னாடா, பாட்டுக்காரனுக்குச் சளியா?" என்றார் அப்பா. சிரித்து, அதிலேயே இருமினார்.

"எர்த் சரியில்லண்ணே" என்று சித்தப்பா காருக்கு அடியில் புகுந்து, பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் வயரை முறுக்கினார். கொசு ஓடிவிட்டது.

கோயில் திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் நாளிருந்தது. "இந்த வருசம் கோயிலடிக்கு எங்க என்னால வர முடியப்போவுது. ஆத்தா பாட்டயாச்சும் போடு, கேக்கிறேன்" என்றார் அப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். பள்ளம் முழுக்க வெள்ளையாக மிஸ்ட் பனி அடைத்திருந்தது. சித்தப்பா காரை வளைவில் நிறுத்தி, டிக்கியைத் திறந்து, அம்மன் பாட்டுக் கேசட்டைப் போட்டார். நிதானமான பாட்டு. ஒவ்வொரு மேள அடியும் நெஞ்சுக்குழியில் வந்து விழுந்தது. வாசல் படியில் வைத்திருந்த பித்தளைச் செம்பு அதிர்ந்தது. அப்பா கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டார். ஒரு பக்கம் முடிந்ததும், "இன்னொருக்கா" என்றார். சித்தப்பா பெருமையில் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

பாட்டு முடிந்து, அப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கீழே தேயிலைக்குள்ளிருந்து ஒப்பாரிச் சத்தம் ஏறி வந்தது. மிஸ்டைக் கிழித்துக்கொண்டு முதலில் மாமா வந்தார். தலைப்பாகை இல்லை, காலில் செருப்பு இல்லை, கால் முழுக்க அட்டை கடித்த ரத்தம். பின்னால் அத்தையும், தலையை விரித்துப்போட்ட பத்துப் பன்னிரண்டு பெண்களும்.

அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பதறி எழுந்தார். "என்னா மச்சான்? யாரு போய்ட்டா?"

மாமா நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு, "ஒனக்குத்தான்யா வந்தோம்" என்று சொல்லித் தண்ணீர் ஓடும் கானின் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

ஒப்பாரி பாதியில் நின்றது. அத்தைதான் முதலில் வாய் திறந்தார். "ஞாயித்துக்கெழம வேலைக்குக் கூப்புடுற பெரட்டு மேளம் இல்ல, இன்னும் கொடியேறல. தப்புச் சத்தம் விடாமக் கேட்டா வேற என்னான்னு நெனைக்கிறது?"

"அது அம்மன் பாட்டுங்க. கேசட்டு" என்றார் சித்தப்பா, டிக்கியை மறைத்து நின்றுகொண்டு.

"பாட்டு எங்கடா கேட்டுச்சு? டும்மு டும்முன்னு சாவு மேளந்தானடா கேட்டுச்சு! ஒன் பொட்டியில இடி விழ!" என்று பாய்ந்தார் அத்தை.

பாட்டு எங்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டது, மேளம் மட்டும் பள்ளத்தைத் தாண்டிப் போயிருக்கிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தார். அண்ணனைப் பார்த்தார். அவர் கக்கத்தில் மடிப்புக் கலையாத ஒரு நீலச் சேலை இருந்தது. அம்மா பார்த்த இடத்தை மாமாவும் பார்த்தார். சட்டென்று அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். எனக்கோ, ஒரு புதுச்சேலைக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள் என்று இருந்தது.

"கோடின்னு எடுத்தத திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோவக் கூடாது" என்று அத்தை மெல்லச் சொன்னார். "போற வழியில ஆத்துல விட்டுருவோங்க."

"பொறந்த வீட்டுச் சேலையயா?" என்றார் அம்மா. "எத்தன தீவாளிண்ணே, ஒரு கண்டாங்கிக்குக் கூட ஆளனுப்பல நீ. கொண்டா இங்க."

"நா எடுத்தாந்த நெனப்பு வேறம்மா" என்றார் மாமா.

"நெனப்ப ஆத்தா பாத்துக்குவா. பாப்பா, மஞ்சள் கொழச்சுக் கொண்டா."

நான் ஓடிப்போய்ச் சிரட்டையில் குழைத்துக் கொண்டுவந்தேன். அம்மா சேலையை வாங்கி, நாலு மூலையிலும் மஞ்சளை அழுத்தித் தடவினார். அது ஊறிப் படியும்வரை விரலை எடுக்கவில்லை. உள்ளே போய்க் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து அப்பாவின் காலிலும் மாமாவின் காலிலும் விழுந்தார். எழுந்து நின்று அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அடுத்ததயும் நீதாண்ணே கொண்டாரணும். வேற யாரு கையாலயும் நா வாங்க மாட்டேன்."

மாமா வாய்விட்டு அழுதார். அப்பா எழுந்து போய் அவர் பக்கத்தில், அந்தக் கானின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சித்தப்பா அன்றைக்கே அந்தப் பெட்டியைக் கழற்றிவிடுகிறேன் என்றார். அப்பா விடவில்லை. மாமாதான் தீர்ப்புச் சொன்னார்: "இனி போடுறதா இருந்தா டிக்கிய பள்ளத்தப் பாக்காம மலைப்பக்கம் திருப்பி வச்சுப் போடு."

அதன்பிறகு மாமா ஞாயிறு தவறாமல் வந்தார். அப்பாவும் அவரும் பெஞ்சில் உட்கார்ந்து, சித்தப்பா சத்தம் குறைத்துப் போடும் பாட்டைக் கேட்பார்கள். எனக்கு அம்மா சொன்னதே ஞாபகம். அடுத்த சேலை வரப்போகிறது! ஒவ்வொரு தடவையும் அவர் கையைப் பார்ப்பேன். வாழைப்பழம் இருக்கும், பிஸ்கட் இருக்கும், சேலை இருக்காது.

"அடுத்த சேலை எப்ப மாமா?"

அவர் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். "அவசரமில்லம்மா. அது மெதுவா வரட்டும்" என்பார். கங்காணியாக இருந்துகொண்டு ஒரு சேலைக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று எனக்குக் கோபம் வரும்.

திருவிழாவன்று அப்பாவைக் காரில் உட்காரவைத்துக் கோயிலடிவரை கொண்டுபோனோம். அம்மா அந்த நீலச் சேலையில் வந்தார். தீபாராதனை நேரத்தில் எல்லோரும் அப்பாவுக்காக வேண்டிக்கொண்டார்கள். நான் அவர்கள் நடுவில் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் முழு மனதோடு கேட்டேன்: ஆத்தா, மாமா அம்மாவுக்கு அடுத்த சேலையைச் சீக்கிரம் கொண்டாரணும்.

ஆத்தா அதைக் காதில் வாங்கவில்லை. அப்பா இன்னும் இரண்டு திருவிழாக்களைப் பார்த்தார். இந்த வயதுவரை கேட்டுக் கிடைத்ததற்கெல்லாம் ஆத்தாவுக்கு நன்றி சொல்லிவருகிறேன். கேட்டும் கொடுக்காத அந்த ஒன்றுக்கு மட்டும், வருஷா வருஷம் தனியாக ஒரு சூடம் கொளுத்துகிறேன்.