உமிச் சாம்பல் கல்

நண்பரே, தீர்ப்புச் சொல்ல வேண்டாம்; சாட்சியாக மட்டும் நில்லுங்கள். போன வாரம் கும்மிடிப்பூண்டி சாலையில் ஒரு கடைக்காரர் சாம்பல்நிறக் கல்லைக் காட்டி, உமிச் சாம்பல் கலந்தது, மலிவு, உறுதி என்றார். விரலால் தொட்டேன். காது சூடேறிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம். சிமெண்ட்டுக்குப் பர்மிட் கேட்டு ஏழைகள் தாலுகா அலுவலகத்தில் கால்கடுக்க நின்ற காலம். பொன்னேரி அரிசி ஆலைக் கூலியான கன்னியம்மா அக்கா, கொதிகலனிலிருந்து கொட்டிய உமிச் சாம்பலையும் பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பையும் மிதித்துக் குழைத்து, மரச்சட்டத்தில் அடித்து, ஈரச்சாக்குப் போர்த்திக் கல் செய்தார். அக்கம்பக்கத்து நான்கு வீட்டாரும் கைகொடுத்தனர். மழைக்கு முன் ஐந்து குடிசைக்கும் சுவர் என்பது ஏற்பாடு. தலைப்பிரசவத்துக்கு மகள் வந்திருந்ததால் முதற்சுவர் அக்காவுக்கு.

நானோ கண்ணாடி முன் கையசைவு பழகிய கல்லூரிப் பேச்சாளன். வாசகசாலைச் சொற்போரில் ஏழை வீட்டுக்கு ஏற்றது சிமெண்ட்டா, உமிச் சாம்பலா என்பது தலைப்பு. சாம்பல் கட்சி கிடைக்கும் என்று நானாகவே முடிவுகட்டி, முதல்நாளே போய் அக்காவின் கல்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தேன், கீறல்கூட விழவில்லை. மேடையில் சீட்டுக் குலுக்கினார்கள்; சிமெண்ட் கட்சி வந்தது. தோற்கவோ எனக்குத் தெரியாது. "சாம்பலுக்குரிய இடம் சுடுகாடு, அதையா தொட்டிலுக்குச் சுவராக்குவது?" என்று முழங்கினேன். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. அந்த ஓசையில் நான் மிதந்தே வீடு போனேன்.

விடிந்ததும் நான்கு வீட்டாரும் விலகிக்கொண்டனர். படித்த பிள்ளையே சொல்கிறதே என்றார்களாம். சுடுகாட்டுச் சுவருக்குள் பிள்ளை பிறக்க வேண்டாமென்று, மாப்பிள்ளை வீட்டார் நிறைமாதக்காரியை மாட்டுவண்டியில் ஏற்றிப் போய்விட்டனர். ஓடினேன். அக்கா மரச்சட்டத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"முந்தாநேத்து நீதான நைனா ஏறி நின்னுகினு குதிச்ச? அப்போ இன்னா, சுடுகாட்டுலயா குதிச்ச?"

அங்கிருந்தே கிளம்பினேன். நான்கு வாசலிலும் நின்று, நான் சொன்னது பொய் என்றேன். நாக்கு குழறியது. "மைக்குல சொன்னப்போ நல்லா இருந்துச்சுப்பா, இப்போ தடுமாறுறியே" என்று ஒருவர் சிரித்தார். எவரும் திரும்பி வரவில்லை.

அந்தக் கற்களை ஆலைக்காரர் மாட்டுக் கொட்டகைக்கு வாங்கிப்போனார். எத்தனையோ மழைக்கு அசையாமல் நின்றது அந்தச் சுவர். இன்று கொட்டகையும் இல்லை, ஆலையும் இல்லை. அக்காவின் தெரு இருந்த இடத்தில் கிடங்குகளின் தகரக்கூரை. அன்று அந்தத் தெருவில், ஒலிபெருக்கி இல்லாமல், அக்காவிடம் நான் வாய்விட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

"சீட்டு எந்தப் பக்கம் வந்தாலும் சரி, கண்ணால பாத்ததுக்கு எதிரா இனிமே நான் பேசமாட்டேன்க்கா."