மலைக்கு வைத்த டைமிங்

"சார், வண்டி தட்டுது."

சொன்னவர் கோவிந்தன். பக்கத்து வீட்டுக்காரர், வேன் டிரைவர். போன வாரம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரை என் காரில் வந்தார். வழி நெடுக, யாரோ இன்ஜினுக்குள் உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல... டக், டக், டக்.

"டைமிங் ஏறிக் கெடக்கு சார். எறக்கி வெச்சா நின்னுடும். உங்களுக்குத் தெரியாததா? ஏன் இப்புடியே ஓட்டிக்கினு இருக்கீங்க?"

நியாயமான கேள்விதான்.

என் பழைய சின்ன காரைப் பற்றி இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அதை நான் எந்த மெக்கானிக்கிடமும் விடுவதில்லை. பிளக் இடைவெளிக்குச் சவர பிளேடைச் செருகிப் பார்க்கும் மகானுபாவர்களிடம் ஒரு வண்டியை எப்படி ஒப்படைப்பது? தாலுகா ஆபீசில் விதி புரட்டியே தலை நரைத்தவன் நான். காருக்கும் ஒரு விதிப் புத்தகம் உண்டு. வீட்டு வாசலில் கோணியை விரித்து, அதன்படி நானே செய்துகொள்வேன்.

டைமிங் என்பது வேறொன்றுமில்லை. இன்ஜினுக்குள் தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்ற கணக்கு. மலைமேல் காற்று மெலிந்திருக்கும். பொறி கொஞ்சம் முந்தி விழுந்தால் வண்டி திணறாமல் ஏறும். கீழே இறங்கியதும் பழைய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். திருப்பாவிட்டால் தட்டும்.

நான் திருப்பவில்லை.

என் அக்கா கல்வராயன் மலையில் இருந்தாள். நர்ஸ் வேலைக்குப் போனவள், ஓய்வு பெற்ற பிறகும் இறங்கி வரவில்லை. என் காருக்கு அவள் வைத்த பெயர் 'தகர டப்பா'. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்து, பஸ்கள் நின்றுபோவதற்கு முன் கடைசியாக இறங்கி வந்த பஸ்ஸின் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள் - "மூச்சு வாங்குது. டப்பா ஏறுமான்னா வந்து இட்டுக்கினு போ. ஏறாதுன்னா சொல்லு, நானே நடந்து எறங்குறேன்."

மூச்சு வாங்கும்போதும் கிண்டல்!

பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டினேன். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன். டைமிங்கை மலைக்கு வைத்தேன். பின் சீட்டில் தலையணை, பிளாஸ்க்கில் வெந்நீர். போலீஸ் ஸ்டேஷனில் அனுமதிச் சீட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன். வேறென்ன முறை பாக்கி?

இருந்தது. கோவிந்தன்தான் சொன்னார்.

"ரோட்டுல மரம் போட்டுக் கெடக்கு சார். ஒரு மாலை வாங்கி முன்னாடி கட்டிக்குங்க. சாவுன்னா வுட்டுடுவானுங்க."

"யோவ், அவ உயிரோட இருக்காய்யா!"

"இருக்கட்டும் சார். நல்லாவே இருக்கட்டும். போய்ச் சேந்துடலாம் இல்ல?"

உயிரோடு இருக்கிற அக்காவுக்குச் சாவு மாலையா? கார் கதவை அறைந்து சாத்திக்கொண்டு கிளம்பினேன்.

கச்சிராயப்பாளையம் தாண்டியதும் சாலையின் குறுக்கே ஒரு புளியமரம். அதன்மேல் வரிசையாக இளைஞர்கள். நான் சீட்டை நீட்டினேன். மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் அதைத் தொடக்கூட இல்லை.

"மரத்துக்கிட்ட காட்டுங்க சார். அதுவா எழுந்தா போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு மூச்சுத்திணறல் என்றேன்.

"காலைல ஒருத்தன் பொண்டாட்டிக்குப் பிரசவம்னான் சார். டிக்கியத் தொறந்தா பொட்டி பொட்டியா பிராந்தி! யாரத்தான் நம்புறது?"

"நான் பொய் சொல்றவனா தெரியுதா தம்பி?"

"உங்கள சொல்லல சார். ஆனா நாங்க டிகிரி முடிச்சிட்டு மாடு மேய்ச்சிக்கினு இருக்கோமே, அதுவும் பொய் இல்லயே?"

வேலை வாய்ப்பு அலுவலக வரிசையில் கடைசியாக நிற்பவர்களின் முகம் எனக்குத் தெரியும். அவர்கள் கேட்டது நியாயம். நான் கேட்டதும் நியாயம். நடுவில் ஒரு புளியமரம்.

திரும்பிப் போக மனமில்லை. இன்ஜினை அணைக்காமல் பானெட்டில் சாய்ந்து நின்றேன். வெயில் ஏறியது. மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆள் வேகமாக நடந்து வந்தார். வெள்ளையன் - அக்கா வீட்டுக்கு விறகும் தண்ணீரும் கொண்டுவந்து தருகிற மலைக்காரர். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அய்யா... உங்க வூட்டுக்குத்தான் வந்துக்கினு இருக்கேன். அம்மா வெடியால போயிட்டாங்க."

மரத்தின்மேல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மஞ்சள் சட்டைதான் முதலில் மரத்தின் அடியில் தோள் கொடுத்தான். "சாவுக்கு வழி வுடணும்டா, புடிங்கடா!" அனுமதிச் சீட்டுக்கு அசையாத மரம் அசைந்தது. யாரோ ஓடிப்போய் ஒரு சாமந்தி மாலை வாங்கி வந்து என் காரின் முன்னால் கட்டினார்கள்.

அந்தப் பையனின் கண் கலங்கியிருந்தது. ஜன்னல் அருகே குனிந்து சொன்னான்: "மொதல்லயே சாவுன்னு சொல்லியிருக்கக் கூடாதா சார்? வுட்டிருப்போமே..."

அப்போதே விட்டிருந்தாலும் உயிரோடு பார்த்திருக்க முடியாது. விடியற்காலையிலேயே போய்விட்டாள். கணக்கு எனக்குத் தெரிகிறது. ஆனால் கணக்கு ஆறுதல் சொல்லுமா?

அடுத்து வந்த ஊர்களில் யாரும் நிறுத்தவில்லை. மாலையைப் பார்த்ததுமே வழி விட்டார்கள். பக்கத்து சீட்டில் வெள்ளையன். பின் சீட்டில் தலையணை மட்டும். ஒரு வளைவில்கூட வண்டி திணறவில்லை, தட்டவும் இல்லை. அவ்வளவு அழகாக அந்தத் தகர டப்பா அதற்கு முன் மலை ஏறியதே கிடையாது. பார்த்துச் சிரிக்கத்தான் அவள் இல்லை.

கோவிந்தனுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் இன்ஜின் தட்டுவதை ஒரு டிரைவரால் எத்தனை நாள் சகித்துக்கொள்ள முடியும்? நேற்று ஸ்பேனரோடு வந்து நின்றார். "எறக்கிடலாமா சார்?"

"இறக்கிடுங்க" என்றேன். மலைக்குப் போக இனி எனக்கென்ன வேலை?

பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை அவர் மெல்லத் திருப்பினார். சத்தம் நின்றது. இன்ஜின் புத்தகத்தில் சொன்னபடி ஓடியது.

டிக்கியை மூடப் போனவர் உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஜாக்கி, பிளக் ஸ்பேனர், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மாலை. கடைத்தெருவில் நானே வாங்கி வைத்தது. அடுத்த வாரம் மறுபடி மறியல் என்கிறார்கள்.

இந்த முறை கூசாமல் பொய் சொல்லிவிடுவேன் - யாருக்காகச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.