மேஜைக்கு வராத சிப்

தூசி ஊதிக்கொண்டிருந்த ப்ளோயரை அணைக்காமலே டாக்டர் கைபேசியை எட்டிப் பார்த்தார். தூசி அவர் மூஞ்சியிலேயே அடித்தது.

“பங்கு இன்னும் இறங்குதா?” கல்லாவில் இருந்த மனைவி கேட்டாள்.

“மூச்சு வாங்குது. ஏறிடும்.”

தரைமட்டத்துக்குக் கீழே ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் அவர். தெருவுக்கு அவர் கம்ப்யூட்டர் டாக்டர். கம்ப்யூட்டர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக் கைப்பிடியில்லாத படியில் இறங்கும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் நடுப்படியில் நின்று, “டாக்டரே, நீங்க மேல வாங்க” என்று கத்துவார்கள். மேலே தெருவைப் பார்த்த கடை காலியாகியிருந்தது. அதைப் பிடிக்க நாளைக்கு முன்பணம் தரவேண்டும். அதற்குச் சேர்த்த பணத்தைப் பெருக்கித் தருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிப் போன மாதம்தான் ஒரு சிப் கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தார்.

யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கடை திறந்த நாளிலிருந்து அந்தக் கம்பெனி சிப் ஒன்றுகூடக் கெட்டுப்போய் அவர் மேஜைக்கு வந்ததில்லை. போர்டு கருகியிருக்கும், விசிறி நின்றிருக்கும், எறும்பு குடியேறியிருக்கும். சிப்பைத் துடைத்து வேறு போர்டில் வைத்தால் ஓடும். போட்டிக் கம்பெனி சிப்போ அடுப்பாகச் சுடும். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இன்று காலை போட்டிக் கம்பெனி புது சிப்பை விற்பனைக்கு விட்டது. வேகம் அதிகம், விலை குறைவு. டாக்டரின் பங்கு படியில் உருட்டிவிட்ட டப்பாவாக இறங்கிக்கொண்டிருந்தது.

“அது சுடும்மா. ஒரு வருஷத்துல எங்கிட்டதான் வரணும்.”

“வரட்டும். இப்ப கடைல அதத்தானே வாங்குறாங்க?”

“நம்மளுது பத்து வருஷமானாலும் சாகாது.”

“அதாங்க வினை. சாகலன்னா எவன் புதுசு வாங்குவான்? நீங்க பங்கு வாங்குனீங்களா, நன்னடத்தைச் சான்றிதழ் குடுத்தீங்களா?”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிங்க. நாளைக்கு மேல் கடை ஓனர் முன்பணத்துக்கு வந்து நிப்பாரு, அவர்கிட்டயும் சிரிங்க.”

“வித்துடவா?”

“வித்தா முன்பணம் தேறுமா?”

“தேறாது.”

“படிக்கு ஒரு கைப்பிடி?”

கைபேசியில் விலையை இன்னொரு முறை பார்த்தார். “அது தேறும்.”

“அப்ப வித்துத் தொலைங்க.”

மறுநாள் மேல் கடைக்குச் சாவி செய்பவர் ஒருவர் முன்பணம் கொடுத்தார். டாக்டரின் பங்குகள் விற்றுப்போயின. கைப்பிடி போடுகிறவர் வந்து படிகளை அளந்துகொண்டு போனார். மதியம் இருவர் பெட்டியோடு இறங்கி வந்து, பழசை எடுத்துவிட்டுப் போட்டிக் கம்பெனியின் புது சிப் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார்கள். போர்டையும் மாற்றவேண்டும் என்றார். சரி என்றார்கள். தான் நம்பிய கம்பெனியின் அந்தப் பழைய சிப்புகளைக் கழற்றிச் சோதித்துப் பார்த்தார். இரண்டும் ஓடின.