டிராகனிட்ட தப்பின நாலு சகோதரங்கள்

மூண்டு மாசமா ஒரு டிராகனோட மல்லுக்கட்டினனான். போனில விளையாடுற ஒரு மந்திர யுத்த கேம். அதில செத்த வீரன் திரும்ப வரமாட்டான், அவன் இல்லாமத்தான் மிச்ச யுத்தம்.

நான் விட்ட பிழை, நாலு வீரருக்கும் எங்கட சகோதரங்களின்ர பேரை வச்சது. என்னைத் தவிர மற்ற மூண்டு பேரும் வெளிநாட்டில. டிராகன் தம்பியை எரிச்ச அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்ல. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு முதலில இருந்து தொடங்கினன்.

இண்டைக்கு வெள்ளவத்தையில பஸ் ஏறி, பம்பலப்பிட்டி வாறதுக்குள்ள டிராகன் முடிஞ்சுது!

ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் கத்தின கத்துக்கு கொண்டக்டர் பஸ்ஸையே நிப்பாட்டிட்டார்.

உடன ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் குடும்பக் குறூப்பில போட்டன்: "நாலு பேரையும் உயிரோட கொண்டுவந்திட்டன்."

தங்கச்சி ஹார்ட் போட்டாள். தம்பி, "அக்கா, நீ கெட்டிக்காரி" எண்டான். அண்ணா மட்டும், "என்னை ஏனடி கடைசி வரிசையில விட்டனி?" எண்டு கேக்கிறார்.

முழங்கால் ஏலாத மனுசனை டிராகனுக்கு முன்னால விடுவனோ? நீங்களே சொல்லுங்கோ.