இந்தோனேசியாவுக்குக் கேட்டது, பீளமேட்டுக்குக் கேட்கவில்லை: ஆசனூர் மலையில் ஓர் ஆன்டெனா சோதனை

ஆசனூரில் மான் பார்த்தீர்களா என்று கேட்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். (பார்த்தோம். சாலையோரம் நின்றது.) மலையில் தங்கி ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக இயக்கும் வானொலி) இயக்க எந்தச் சின்ன ஆன்டெனாவை எடுத்துப்போவது என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நண்பன் செந்திலுக்கு ஆசனூரைத் தாண்டி ஒரு மலைக்கிராமப் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. ஆசிரியர் குடியிருப்பில் செல்போன் சிக்னல் கிடையாது. அவன் மனைவி கவிதா ஏழு மாதக் கர்ப்பிணி, கோயமுத்தூர் பீளமேட்டில் அம்மா வீட்டில் இருக்கிறார். இருவருமே உரிமம் வாங்கிய ஹாம்கள். தினமும் சாயங்காலம் ரேடியோவில் பேச முடிந்தால் வேலையில் சேர்வது, முடியாவிட்டால் விட்டுவிடுவது என்று முடிவு. சேரக் கடைசி நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை சோதித்துப் பார்க்கக் கிளம்பினோம்.

ஆன்டெனாவைத் தேர்ந்தெடுத்தது நான். பல அலைவரிசைகளில் வேலை செய்ய வேண்டும், பையில் அடங்க வேண்டும். வளைய ஆன்டெனா வேண்டாம் என்றேன். அலைவெண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலும் மறுபடி டியூன் செய்யச் சொல்லும், எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இழுத்து நீட்டும் குழாய் வகையில் ஒரு செங்குத்து ஆன்டெனா வாங்கினோம். விலை பதினோராயிரம். சரவணம்பட்டியில் என் வீட்டு மொட்டைமாடியில் நிறுத்தியதும் ஜப்பான் கிடைத்தது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்று மூட்டை கட்டிவிட்டேன்.

காலை ஆறரைக்கு சரவணம்பட்டியில் காரை எடுத்தோம். எட்டு மணிக்கு சத்தியமங்கலத்தில் இட்லி. பண்ணாரி சோதனைச்சாவடியில் வனக்காவலர் குழாயை உருவிப் பார்த்தார்.

“ஏனுங், மீன் புடிக்கறதுங்களா?”

“இல்லீங்க, ரேடியோ ஆன்டெனா.”

“செல்லுலயே பாட்டு வருதுங்களே, இது எதுக்கு?” என்று சிரித்தபடி விட்டுவிட்டார்.

திம்பத்தின் இருபத்தேழு வளைவுகளையும் ஒரு கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தே ஏறினோம். பள்ளிக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. தலைமையாசிரியர் கோபிசெட்டிபாளையத்துக்காரர்.

“வேலியோரம் நட்டுப்போடாதீங்க சார், ஆனை வந்தா தள்ளிப்போடும்.”

“பகல்ல வராதுங்களே?”

“அதை ஆனைகிட்டத்தானுங்க கேக்கோணும்.”

முற்றத்தின் நடுவில் நிறுத்தினேன். மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. பதினான்கு மெகாஹெர்ட்ஸில் ஒரே அழைப்புக்கு இந்தோனேசியாக்காரர் ஒருவர் பதில் சொன்னார். செந்தில் சிரித்தான். கவிதாவோடு பேசிவைத்தபடி பன்னிரண்டு மணிக்கு ஏழு மெகாஹெர்ட்ஸுக்கு வந்தோம். இரைச்சல்தான். ஒரு மணிக்கும் அதே இரைச்சல். செந்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

“விடுடா. கோயமுத்தூர்லயே டியூஷன் எடுத்துக்கறேன்.”

சிக்னல் கிடைக்கும் மேடு ஆறு கிலோமீட்டர் கீழே. அங்கே போய்க் கவிதாவுக்கு போன் போட்டேன்.

“ஏனுங்ணா, காலைல இருந்து ரேடியோ முன்னாடியே உக்காந்திருக்கேன். ஒண்ணுமே வரலீங்க.”

“இந்தோனேசியா வரைக்கும் போச்சுங்க கவிதா.”

“எனக்கு அங்க சொந்தக்காரங்க யாரும் இல்லீங்ணா. மேல போற மாதிரி ஏதாச்சும் கட்டுங்க.”

அவர் சொன்னது சரி. செங்குத்து ஆன்டெனா அலையை அடிவானத்தை நோக்கி அனுப்பும், நேர் மேலே ஏறக்குறைய எதுவும் போகாது. இங்கிருந்து பீளமேடு நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டர், நடுவில் மலை. அலை தலைக்கு மேலே ஏறி, வானில் பட்டுத் திரும்பி விழ வேண்டும். அதற்குத் தாழ்வாகக் கட்டிய கிடைமட்டக் கம்பிதான் சரி. பரீட்சைக்குப் படித்த பாடம்தான். ஆனால் எங்கள் ஹாம் கூட்டத்துக்குத் தூரத்துத் தேசம் கிடைத்தால் ஆன்டெனா நல்லது, அவ்வளவுதான் கணக்கு.

செங்குத்து ஆன்டெனாவின் அடியில் தரையில் விரிக்கக் கொண்டுபோன கம்பிகளை வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இரண்டு கைகள் செய்தேன். தாழ்வாரத் தூணிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும், மூன்று மீட்டர் உயரத்தில் கட்டினோம். செலவு இல்லை. நாலு மணிக்குச் செந்தில் அழைத்தான். கவிதாவின் குரல் வந்தது.

“கேக்குதுங், நல்லாவே கேக்குது. சாப்டீங்களா?”

செந்தில் பட்டனை அழுத்தினான். “இல்ல.”

“மொதல்ல சாப்பிடுங்க. அப்பறம் திங்கக்கெழமை போய்ச் சேருங்க.”

நடுவில் ஒரு குரல் நுழைந்தது: “சேலத்துல இருந்து பேசறேங்க. நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன், வாழ்த்துகள்.” இந்த அலைவரிசையில் குடும்ப ரகசியம் பேச நினைப்பவர்கள் கவனிக்க.

போக விரும்புபவர்களுக்கு: போய்வர இருநூற்றிருபது கிலோமீட்டர், பெட்ரோல் ஆயிரத்து நானூறு ரூபாய். உரிமத்தில் இருக்கும் முகவரியை விட்டு வெளியே இயக்குவதற்கான நடைமுறையை முதலிலேயே முடித்துவிடுங்கள். காட்டு மரங்களில் கம்பி கட்டாதீர்கள். இருட்டிய பிறகு ஏழு மெகாஹெர்ட்ஸில் பக்கத்து ஊர் கிடைப்பது சந்தேகம், வெளிச்சம் இருக்கும்போதே பேசி முடியுங்கள். எந்த ஆன்டெனா நல்லது என்று எனக்கு எழுதுகிறவர்கள், யாரிடம் பேச வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதவும்.

செந்தில் வேலையில் சேர்ந்துவிட்டான். சாயங்காலம் ஐந்தரைக்கு இருவரும் ஏழு மெகாஹெர்ட்ஸில் இருப்பார்கள். கேட்கலாம். குறுக்கே புகுந்து, என் குரல் எப்படிக் கேட்கிறது என்று சிக்னல் ரிப்போர்ட் கேட்காதீர்கள்.